பந்து விளையாடும் பிள்ளைக்குக் கால் கவசம்



பள்ளிக்கூட மணி அடித்ததும் புத்தகப் பையை மூலையில் போட்டுவிட்டு மைதானத்துக்கு ஓடும் பிள்ளை உங்கள் வீட்டிலும் இருக்கலாம். ஓடட்டும். விளையாட்டு உடலுக்கு உரம், மனதுக்கு உற்சாகம். "விளையாடப் போகாதே" என்று தடுப்பதற்காக இந்தப் பிரசுரம் எழுதப்படவில்லை. விளையாடப் போன பிள்ளை, போனபடியே முழுசாக வீடு திரும்ப வேண்டும் என்பதற்காகவே எழுதப்படுகிறது.

ஒரு நாள் அந்தப் பிள்ளை வந்து கேட்கும்: "அம்மா, ஷின் கார்டு வாங்கணும். பி.டி. சார் வாங்கிட்டு வரச் சொன்னாரு." அம்மா அப்பாவைப் பார்ப்பார். அப்பா சொல்வார்: "நாங்கள்லாம் வெறுங்காலோட ஆடினோம். எங்களுக்கு என்ன ஆயிடுச்சு? பூட்ஸ் வாங்கினதே பெரிசு. இது வேற வீண் செலவா?"

அப்பா கேட்பது நியாயம் போலத்தான் தோன்றும். ஆனால் அவரோடு சேர்ந்து ஆடியவர்களில் எத்தனை பேர் காலில் இன்றும் தழும்பு இருக்கிறது, எத்தனை பேர் ஒரு உதையோடு ஆட்டத்தையே விட்டார்கள் என்று அவரையே கொஞ்சம் நினைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பதில் அவரிடமே இருக்கும்.

ஷின் கார்டு என்பது முழங்காலுக்குக் கீழே, காலின் முன்பக்கத்தில், காலுறைக்கு உள்ளே வைத்துக் கட்டும் ஒரு சிறு கவசம். அது எதற்கு, எப்படி வாங்குவது, எப்படிக் கட்டுவது, அதையும் மீறி அடிபட்டால் என்ன செய்வது, முக்கியமாக என்ன செய்யக் கூடாது என்பதை இங்கே பார்ப்போம்.

உங்கள் காலைத் தொட்டுப் பாருங்கள்

இதைப் படிக்கும்போதே உட்கார்ந்த இடத்தில் உங்கள் முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். தோலுக்கு அடியில் நேராக எலும்பு தட்டுப்படும். இப்போது கையைப் பின்னால் கொண்டு போய் ஆடுசதையைப் பிடித்துப் பாருங்கள். மெத்தென்று கனமாக இருக்கும்.

இதுதான் விஷயம். தொடை எலும்பைச் சுற்றிலும் தடித்த சதை இருக்கிறது. கீழ்க்காலில் பின்பக்கம் சதை இருக்கிறது. ஆனால் கீழ்க்காலின் முன்பக்கத்தில், அதிலும் உட்புறமாக உள்ள பகுதியில், எலும்புக்கு மேலே தோலும் மெல்லிய ஒரு சவ்வும் மட்டுமே உண்டு. அடியைத் தாங்க அங்கே மெத்தை கிடையாது. அந்தச் சவ்வில் வலி உணரும் நரம்புகள் நிறைய இருக்கின்றன. கட்டில் காலில் இடித்துக்கொண்டால் உயிர் போகிற மாதிரி வலிப்பது அதனால்தான்.

கீழ்க்காலில் இரண்டு எலும்புகள் உள்ளன. முன்னால் உட்புறமாக இருக்கும் பெரிய எலும்புதான் உடம்பின் பாரத்தைத் தாங்குகிறது. வெளிப்புறமாக இருப்பது மெல்லியது. இந்தப் பிரசுரத்தில் பெரிய எலும்பை 'முன்னெலும்பு' என்று சொல்வோம்.

முன்னெலும்பு தோலுக்கு மிக அருகில் இருப்பதால், அது முறிந்தால் சில சமயம் முனை தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். கை கால்களில் உள்ள நீண்ட எலும்புகளில் இப்படி வெளியே தெரியும்படி அதிகமாக முறிவது இந்த எலும்புதான். அந்தக் காயத்தில் மண்ணும் அழுக்கும் புகுந்தால் எலும்பிலேயே சீழ் பிடிக்கும். இன்னொன்று: முன்னெலும்பின் கீழ்ப்பாதிக்கு ரத்த ஓட்டம் குறைவு. அதனால் அங்கே முறிந்தால் கூடுவதற்கு நாளாகும். சிறு பிள்ளைகளுக்குச் சீக்கிரம் கூடிவிடும். வளர்ந்தவர்களுக்கு நாலு முதல் ஆறு மாதம் வரை ஆவது சாதாரணம்.

அரசு மருத்துவமனையில் சிகிச்சைக்குப் பணம் கேட்க மாட்டார்கள் என்பது உண்மை. ஆனால் துணைக்கு இருக்கிற தாய்க்கு அத்தனை நாள் கூலி போகும். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் போகும். பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ என்றால் ஒரு வருஷப் படிப்பே ஆட்டம் காணும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கவசத்தை 'வீண் செலவு' என்று சொல்லுமுன் இந்தக் கணக்கையும் போட்டுப் பாருங்கள்.

கவசம் என்ன செய்கிறது?

தலையில் தண்ணீர்க் குடமோ விறகுக் கட்டோ சுமக்கும் பெண்கள் சும்மாடு வைத்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அதே குடம், அதே பாரம். சும்மாடு இல்லாவிட்டால் ஒரே இடத்தில் குத்தும். சும்மாடு வைத்தால் பாரம் தலை முழுவதும் பரவும், குத்தாது.

ஷின் கார்டும் அதே வேலையைத்தான் செய்கிறது. அதில் இரண்டு அடுக்கு உண்டு. வெளியே கெட்டியான ஓடு. பெரும்பாலும் பிளாஸ்டிக், விலை கூடினால் கண்ணாடி இழையோ கார்பன் இழையோ இருக்கும். உள்ளே மெத்தென்ற நுரைத் தகடு. எதிராளியின் பூட்ஸ் முனை ஓர் இடத்தில் வந்து இடித்தால், கெட்டி ஓடு அந்த அடியை அகலமாகப் பரப்பிவிடுகிறது. உள்ளே இருக்கும் நுரை அமுங்கிக்கொடுத்து அடியின் வேகத்தைக் குறைக்கிறது. எலும்பில் ஒரே புள்ளியில் விழ வேண்டிய அடி, காலின் முன்பக்கம் முழுவதும் சிதறிப் போகிறது. வெட்டுக் காயம், ரத்தக்கட்டு, எலும்பு வீக்கம் ஆகியவை குறைகின்றன. எலும்பு முறியும் வாய்ப்பும் குறைகிறது.

குறைகிறது என்றுதான் சொல்கிறோம். அடியோடு போய்விடும் என்று சொல்லவில்லை. கனமான ஆள் முழு வேகத்தில் வந்து மோதினால் கவசம் கட்டியிருந்தாலும் எலும்பு முறியலாம். கால் ஊன்றியபடி உடம்பு திரும்பி, எலும்பு முறுக்கிக்கொண்டு உடைவதை எந்த ஷின் கார்டும் தடுக்காது. கணுக்கால் பிசகுவதையும் முழங்கால் தசைநார் அறுவதையும் அது தடுக்காது. "கார்டு போட்டிருக்கோம்ல, என்ன ஆகும்?" என்று முரட்டுத்தனமாக ஆடினால் கவசத்தின் பயனே போய்விடும். கவசமும் வேண்டும், கவனமும் வேண்டும்.

இந்தக் கவசம் எப்படி வந்தது?

இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் என்ற கால்பந்துக் குழுவில் சாம் வெல்லர் விட்டோசன் என்று ஒரு ஆட்டக்காரர் இருந்தார். அவர் கிரிக்கெட்டும் ஆடுபவர். அந்தக் காலத்துக் கால்பந்தில் ஆளை உதைப்பது சர்வ சாதாரணம். 1874-ஆம் வருஷம் அவர் தன்னுடைய கிரிக்கெட் பேடுகளைச் சிறிதாக வெட்டி, காலுறைக்கு மேலே வாரால் கட்டிக்கொண்டு மைதானத்தில் இறங்கினார். முதலில் கேலி செய்தவர்களும் பிறகு அதையே பின்பற்றினார்கள். பிற்பாடு கவசம் காலுறைக்கு உள்ளே போயிற்று.

அதன் பிறகும் கட்டுவதும் கட்டாததும் அவரவர் விருப்பமாகவே நெடுங்காலம் இருந்தது. 1990-இல்தான் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா இதைக் கட்டாயமாக்கியது. இன்று கால்பந்து விதிகளில் நான்காவது விதி, ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் ஷின் கார்டு அணிய வேண்டும், அது தகுந்த பொருளால் ஆனதாக இருக்க வேண்டும், காலுறை அதை மூடியிருக்க வேண்டும் என்று சொல்கிறது. ஆட்டத்தின் நடுவே தற்செயலாகக் கழன்று விழுந்தால், அடுத்த தடவை பந்து ஆட்டத்தை விட்டு நிற்பதற்குள் மறுபடி கட்டிக்கொள்ள வேண்டும். பள்ளிகளுக்கு இடையே நடக்கும் போட்டிகளிலும் நடுவர் காலைத் தட்டிப் பார்த்துவிட்டு உள்ளே விடுவதன் காரணம் இதுதான்.

ஹாக்கியில் கோல் காப்பவருக்கு முழுக் கவசம் உண்டு. மற்ற ஆட்டக்காரர்கள் கீழ்க்கால், கணுக்கால், வாய் ஆகியவற்றுக்குக் காப்பு அணிய வேண்டும் என்று சர்வதேச ஹாக்கி விதிகள் சிபாரிசு செய்கின்றன. ஹாக்கிப் பந்தின் எடை 156 கிராம் முதல் 163 கிராம் வரை. பார்க்கச் சிறியது, ஆனால் கல் போலக் கெட்டி. கட்டையும் கால் மட்டத்திலேயே வீசப்படுகிறது. ஹாக்கிக்குப் பெயர் போன கோவில்பட்டி போன்ற ஊர்களில் உள்ள தாய்மார்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. பிள்ளையின் கால் தழும்பே சொல்லும்.

கடையில் எப்படிப் பார்த்து வாங்குவது?

முதலில் அளவு. பிள்ளையை நாற்காலியில் உட்கார வைத்து, முழங்கால் சில்லுக்குக் கீழிருந்து கணுக்கால் மடியும் இடம் வரை தையல்காரர் டேப்பால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கவசத்தின் மேல் விளிம்பு, முழங்கால் சில்லுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் கீழே நிற்க வேண்டும். கீழ் விளிம்பு கணுக்கால் மடிப்புக்குச் சற்று மேலே நிற்க வேண்டும். முழங்காலை மடக்கும்போது மேலே குத்தக் கூடாது. பாதத்தைத் தூக்கும்போது கீழே இடிக்கக் கூடாது. உயரத்தைச் சொன்னால் கடைக்காரர் அளவு எடுத்துக் கொடுப்பார். ஆனாலும் கட்டிப் பார்த்தே வாங்குங்கள்.

"வளர்ற பிள்ளைதானே, ரெண்டு வருஷம் வரும்" என்று பெரிய அளவு வாங்குவது நம் வீடுகளில் வழக்கம். சட்டைக்கு அது சரி. கவசத்துக்குச் சரியில்லை. பெரிய கவசம் ஓடும்போது பக்கவாட்டில் சுழன்றுவிடும். அடி வரும் நேரத்தில் எலும்புக்கு முன்னால் இருக்காது. அதே போல, போன வருஷத்துக் கவசம் இந்த வருஷம் சின்னதாகிவிட்டதா என்று பள்ளி திறக்கும் ஒவ்வொரு ஜூன் மாதமும் கட்டிப் பாருங்கள். அண்ணனுக்குச் சின்னதாகிப் போனது, விரிசல் இல்லாவிட்டால், தம்பிக்கோ தங்கைக்கோ கச்சிதமாக இருக்கும்.

தொலைக்காட்சியில் பார்க்கும் பெரிய ஆட்டக்காரர்கள் சிலர் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சின்னத் தகட்டைச் செருகிக்கொண்டு ஆடுகிறார்கள். பிள்ளைகளும் அதையே கேட்கிறார்கள். கவசத்தின் அளவுக்கும் தகுதிக்கும் ஆட்டக்காரரே பொறுப்பு என்று 2024-25 ஆட்டப் பருவத்துக்கான விதிகளில் சேர்த்து எழுதிவிட்டார்கள். உங்கள் பிள்ளைக்குப் பொறுப்பு நீங்கள்தான். அவர்களுக்கு அடிபட்டால் பக்கத்திலேயே மருத்துவர் நிற்கிறார்; நம் ஊர் மைதானத்தில் நிற்கவில்லை.

இரண்டாவது, வகை. செருகும் வகை ஒன்று. வெறும் தகடாக இருக்கும், காலுறைக்குள் செருகிக்கொள்ளலாம். கணுக்காலுக்கும் மெத்தை வைத்து, பாதத்துக்கு அடியில் பட்டையோடு வருவது இன்னொன்று. புதிதாக ஆடக் கற்கும் சிறு பிள்ளைகளுக்குக் கணுக்கால் மெத்தை உள்ளதே நல்லது. நழுவாது, கணுக்கால் முண்டிலும் அடிபடாது. ஹாக்கிக்குத் தனியாக இன்னும் தடிமனாக விற்கிறார்கள். கால்பந்துக் கவசத்தைக் கட்டி ஹாக்கி ஆடுவது போதாது.

மூன்றாவது, தரம். கையில் எடுத்து லேசாக வளைத்துப் பாருங்கள். தகர டப்பா மூடி போல எளிதில் மடிந்தால் வேண்டாம். ஓரங்கள் கூராக இருந்தால் வேண்டாம். உள்ளே நுரை இல்லாமல் வெறும் பிளாஸ்டிக்காக இருந்தால் வேண்டாம். ஐரோப்பாவில் கால்பந்துக் கவசத்துக்கென்றே இ.என். 13061 என்று ஒரு தரநிர்ணயம் இருக்கிறது. அந்த எண் அச்சிட்டிருந்தால் ஒரு நம்பிக்கை.

கட்டும் முறை

காலைத் துடைத்து ஈரம் போக உலர்த்திக்கொள்ள வேண்டும். கவசத்தின் நடுக்கோடு முன்னெலும்பின் மேல் நேராக வரும்படி வைக்க வேண்டும். சில கவசங்களில் வலது, இடது என்று குறி இருக்கும். மாற்றிக் கட்டக் கூடாது. பட்டையைக் கட்டியபின் காலுறையை முழங்கால் வரை இழுத்து விட வேண்டும். கடைசியாகத்தான் பூட்ஸ்.

பட்டைக்கும் காலுக்கும் இடையே ஒரு விரல் நுழைய வேண்டும். பாதம் மரத்துப்போனாலோ, ஊசி குத்துவது போல இருந்தாலோ, இறுக்கம் அதிகம் என்று அர்த்தம். உடனே தளர்த்துங்கள்.

கட்டியபின் பத்து தடவை குதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சுழலவில்லை, நழுவவில்லை என்றால் சரி. "இதைக் கட்டினா ஓட முடியல" என்று பிள்ளை முதல் வாரம் சிணுங்கும். ஒரு வாரம் வீட்டைச் சுற்றிக் கட்டிக்கொண்டு நடக்கட்டும். பழகிவிடும்.

ஒரு முக்கியமான விஷயம். போட்டி நாளில் மட்டும் கட்டிவிட்டு, பயிற்சி நாளில் வீட்டிலேயே போட்டுவிட்டுப் போகும் பழக்கம் பரவலாக இருக்கிறது. வருஷத்தில் போட்டி நடப்பது சில நாள். பயிற்சி நடப்பது தினமும். உதைபடும் சந்தர்ப்பமும் தினமும் இருக்கிறது.

சுத்தம் அவசியம்

வேர்வையில் ஊறிய கவசத்தைப் பையிலேயே மூடி வைத்தால் மறுநாள் நாற்றம் எடுக்கும். நாற்றம் மட்டுமா? படை, அரிப்பு, கட்டி எல்லாம் வரும். ஆட்டம் முடிந்து வந்ததும் வெளியே எடுத்துக் காற்றாடப் போடுங்கள். வாரம் ஒரு முறையாவது சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். காலுறையைத் தினமும் துவைக்க வேண்டும்.

கவசத்தைப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் மாற்றிக் கட்டக் கூடாது. பள்ளிக்கூடத்துப் பொதுக் கவசமாக இருந்தால், துடைத்து உலர்த்தியபின், உள்ளே ஒரு மெல்லிய காலுறை போட்டுக்கொண்டு கட்டட்டும். கவசம் படும் இடத்தில் மட்டும் சிவந்து தடித்து அரித்தால், அந்தப் பொருள் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று பொருள். உள்ளே பருத்திக் காலுறை போட்டுப் பாருங்கள். அப்படியும் நிற்காவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மாதம் ஒரு முறை ஓட்டைக் கூர்ந்து பாருங்கள். விரிசல் விட்ட கவசம், உடைந்த கண்ணாடி மாதிரி. காப்பதற்குப் பதில் குத்தும். தூக்கிப் போட்டுவிடுங்கள்.

அடிபட்டுவிட்டால்...

சாதாரண அடி என்றால், ஆட்டத்தை நிறுத்திப் பிள்ளையை உட்கார வையுங்கள். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 15 நிமிஷம் ஒத்தடம் கொடுங்கள். ஐஸைத் தோலில் நேராக வைக்கக் கூடாது. இரண்டு மூன்று மணிக்கு ஒரு தரம் இப்படிச் செய்யலாம். காலைத் தலையணை மேல் உயர்த்தி வைக்கலாம். இரண்டொரு நாளில் வீக்கம் வடியும்.

எண்ணெய் போட்டு உருவி விடாதீர்கள். "நல்லா அமுக்கித் தேச்சு விட்டா ரத்தக்கட்டு கலைஞ்சிடும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனால் உள்ளே எலும்பில் விரிசல் இருந்தால், உருவ உருவ அது விலகும். ரத்தக் கசிவும் கூடும்.

கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும்:

கால் கோணலாகத் தெரிகிறது. ஊன்றி நாலு அடி நடக்க முடியவில்லை. எலும்பின் மேல் ஒரு குறிப்பிட்ட இடத்தில் விரல் வைத்தாலே துடிக்கிறது. தோல் கிழிந்து ஆழமான காயமோ எலும்போ தெரிகிறது. பாதம் ஜில்லிட்டு வெளுத்திருக்கிறது அல்லது மரத்துப்போயிருக்கிறது.

108-க்கு போன் செய்யுங்கள். வண்டி வரும் வரை காலை இழுத்து நேராக்கப் பார்க்காதீர்கள். பூட்ஸ் கயிற்றையும் கவசப் பட்டையையும் மெதுவாகத் தளர்த்துங்கள்; பிடித்து இழுக்காதீர்கள். தேவைப்பட்டால் காலுறையைக் கத்தரியால் வெட்டுங்கள். இரண்டு காலுக்கும் நடுவில் மடித்த துண்டையோ போர்வையையோ வைத்து, அடிபட்ட காலை நல்ல காலோடு சேர்த்து, முறிந்த இடத்தை விட்டு மேலும் கீழும் தளர்வாகக் கட்டினால் அசையாமல் இருக்கும். காயம் இருந்தால் சுத்தமான துணியால் மூடுங்கள். காப்பித் தூள், மஞ்சள் தூள், சாணம் எதுவும் வைக்கக் கூடாது. அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் சாப்பிடவோ குடிக்கவோ கொடுக்காதீர்கள்.

மண்ணில் பட்ட காயம் என்றால் ரணஜன்னி அபாயம் உண்டு. 10 வயதிலும் 16 வயதிலும் போட வேண்டிய டி.டி. தடுப்பூசி போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஊசி போட்ட அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள்.

காலையே இழக்கச் செய்யும் தவறு

தாய்மார்களே, இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

கீழ்க்காலில் அடிபட்டால் உள்ளே ரத்தம் கசிந்து சதை வீங்கும். அந்தச் சதைகள் விரியாத உறைகளுக்குள் இருக்கின்றன. வீக்கத்துக்கு வெளியே போக வழி இல்லை. உள் அழுத்தம் ஏறிக்கொண்டே போய், ரத்த ஓட்டத்தையே நெரித்துவிடும். எலும்பு முறியாமல் வெறும் அடியிலும் இது வரலாம்.

அடையாளம் இதுதான்: அடிக்குப் பொருந்தாத அளவு வலி. நேரம் ஆக ஆகக் குறையாமல் கூடுகிற வலி. மாத்திரைக்கும் அடங்காத வலி. ஆடுசதை கல் மாதிரி இறுகும். கால் விரலை மேலும் கீழும் அசைத்துவிட்டால் பிள்ளை அலறும். பிறகு விரல்கள் மரத்துப்போகும்.

இது விடியும் வரை காத்திருக்கும் நோய் இல்லை. ஆறு மணி நேரத்துக்கு மேல் இப்படியே விட்டால், சதையும் நரம்பும் திரும்பப் பெற முடியாதபடி கெட்டுப்போகலாம். நடுராத்திரியானாலும் அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். உரிய நேரத்தில் போனால் உறையைத் திறந்து விட்டுக் காலைக் காப்பாற்றிவிடுவார்கள்.

இந்த நிலைமையில் இருக்கும் காலின் மேல் மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஏற்கெனவே நெரிபடும் ரத்த ஓட்டம் முழுசாக நின்றுபோகும். விரல்கள் கறுக்கும். கால் அழுகும். ஆட்டத்தில் பட்ட ஒரு உதை, முழங்காலுக்குக் கீழே காலையே எடுக்க வேண்டிய நிலையில் கொண்டுவந்து விடும். அந்த இழப்பில் பெரும்பங்கு உதையால் வந்ததல்ல, கட்டால் வந்தது. எனவே முதலில் எக்ஸ்ரே, பிறகுதான் கட்டு.

மருத்துவமனையில் மாவுக்கட்டு போட்டு அனுப்பினாலும் முதல் இரண்டு நாள் கண்காணியுங்கள். விரல்களைத் திறந்து பாருங்கள். நகத்தை அமுக்கி விட்டால் இரண்டு விநாடிக்குள் ரத்தச் சிவப்பு திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால், விரல் நீலம் பாய்ந்தால், மரத்தால், வலி கூடினால், "கட்டுன்னா வலிக்கத்தான் செய்யும்" என்று இருந்துவிடாதீர்கள். உடனே திரும்பப் போய்க் காட்டுங்கள்.

சந்தேகமும் விளக்கமும்

"எங்க வீட்டுல ஆடுறது பொண்ணு. பொண்ணுக்கும் வேணுமா?"

கட்டாயம் வேண்டும். எலும்புக்கு ஆண், பெண் பேதம் தெரியாது. தேசிய மகளிர் கால்பந்துப் போட்டியில் தமிழ்நாட்டுப் பெண்கள் 2018-லும் 2023-லும் கோப்பையை வென்றார்கள். நாளைக்கு உங்கள் பெண்ணும் அந்த வரிசையில் நிற்கலாம். "கால்ல தழும்பு விழுந்தா நாளைக்கு யாரு..." என்று பாட்டி கவலைப்பட்டால், ஆட்டத்தை நிறுத்தாதீர்கள், கவசத்தை வாங்கிக் கொடுங்கள்.

"அட்டையை மடிச்சு சாக்ஸுக்குள்ள வச்சுக்கிட்டா போதாதா?"

போதாது. வேர்வையில் அட்டை நனைந்து கூழாகிவிடும். தகரம், மூங்கில் பட்டை, மரத்துண்டு வைப்பது அதைவிட ஆபத்து. உடைந்தால் காலையே கிழிக்கும். வாங்க வசதியில்லாத பிள்ளைகளுக்காகப் பள்ளியில் பத்து ஜோடி பொதுவில் வைக்கலாமா என்று தலைமையாசிரியரிடமும் பெற்றோர் ஆசிரியர் கழகத்திலும் கேளுங்கள்.

"கபடி ஆடுற பையனுக்கும் இதைக் கட்டலாமா?"

கூடாது. கபடியில் ஆளோடு ஆள் பிடித்து விழ வேண்டும். கெட்டி பிளாஸ்டிக் எதிராளியைக் காயப்படுத்தும். கபடிக்கு மெத்தென்ற முழங்கால் உறை போதும். மண்ணில் கல், கண்ணாடி இல்லாமல் பொறுக்கி எடுப்பதே அங்கே முதல் காப்பு.

"அடியே படலை. ஆனா ஓடினா முன்னெலும்பு வலிக்குதுங்கிறான்."

திடீரென்று பயிற்சியைக் கூட்டினால் இப்படி வரும். சில நாள் ஓய்வு கொடுத்துப் படிப்படியாகக் கூட்டினால் போய்விடும். கவசம் இதற்கு மருந்தல்ல. ஆனால் பல வாரம் குறையாத வலி, ராத்திரி தூக்கத்தில் எழுப்பும் வலி, எலும்பின் மேல் வீக்கம் இவை இருந்தால் "எங்கயாச்சும் பட்டிருக்கும்" என்று விட்டுவிடாமல் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். எலும்பில் வேறு நோய் இருந்தாலும் சீக்கிரம் கண்டுபிடித்தால் குணமாக்க வழி உண்டு.

"எப்ப மறுபடி ஆட விடலாம்?"

வலியும் வீக்கமும் போய், ஓடி, குதித்து, திரும்ப முடிந்தபின் விடலாம். எலும்பு முறிந்தவர் மருத்துவர் சொன்ன பிறகுதான் ஆட வேண்டும். "நாளைக்கு ஃபைனல்" என்று பிள்ளை கெஞ்சும். அடுத்த வருஷமும் ஃபைனல் வரும்.

நினைவில் வையுங்கள்

காலின் முன்பக்கத்தில் எலும்புக்குச் சதைக் காவல் இல்லை. நாம்தான் காவல் போட வேண்டும். அளவான கவசம், தினமும் கட்டும் பழக்கம், வாரம் ஒரு கழுவல். அடிபட்டால் உருவாதே, இறுக்கிக் கட்டாதே. வலி கூடிக்கொண்டே போனால் விடியும் வரை காத்திராதே.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பார்கள். இன்று மாலை பிள்ளை மைதானத்துக்குக் கிளம்பும்போது, "தண்ணி எடுத்துக்கிட்டியா?" என்று கேட்பீர்கள் அல்லவா? அதோடு இன்னொன்றையும் சேர்த்துக் கேளுங்கள்: "கார்டு கட்டிக்கிட்டியா?"

படித்து முடித்ததும் இந்தப் பிரசுரத்தைப் பக்கத்து வீட்டுக்கும் கொடுங்கள். அந்த வீட்டுப் பிள்ளையும் உங்கள் பிள்ளையோடுதான் ஆடுகிறது.